மூன்று ஓரகத்திகளும் கோபாசியும்: கணக்குக்குப் பயந்தவளின் மென்பொருள் மதிப்புரை

பதினொன்றாம் வகுப்பில் நான் எடுத்தது பியூர் சயின்ஸ் குரூப். உயிரியல் மேல் காதல் என்றெல்லாம் இல்லை, கணக்கு வேண்டாம், அவ்வளவுதான். "பயோ மேத்ஸ் எடும்மா, ரெண்டு பக்கமும் கதவு திறந்திருக்கும்" என்று அப்பா தலைபாடாக அடித்துக்கொண்டார். கேட்கவில்லை. இருபது வருஷம் கழித்து அந்தக் கணக்கு சிலபஸ் வேஷம் போட்டுக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கே வந்து நின்றது. முதுகலை உயிர்த்தொழில்நுட்பத்தில் 'சிஸ்டம்ஸ் பயாலஜி' என்று ஒரு விருப்பப்பாடம், கூடவே செய்முறை. "ஜீன் ரெகுலேஷன் நீங்கதானே எடுக்குறீங்க, இதையும் பாத்துக்கோங்க மேம்" என்று சொல்லிவிட்டுத் துறைத்தலைவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

ஜீன் ரெகுலேஷனை, அதாவது எந்த மரபணு எப்போது வேலை செய்யும், எப்போது அடங்கும் என்பதை, பலகையில் நடத்துவது எனக்குப் பழகிய வேலை. ஜேக்கப்பும் மோனாடும் 1961இல் சொன்ன லாக் ஓபரானை, பாக்டீரியாவின் அந்த மரபணுச் சுவிட்சை, கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். தூண்டினால் அம்புக்குறி, அடக்கினால் மொட்டைக் கோடு. ஆனால் அம்பும் மொட்டைக் கோடும் நாலைந்து சேர்ந்து ஒரு வளையமாகிவிட்டால் உள்ளே என்ன நடக்கும்? புரதத்தின் அளவு ஏறி நிற்குமா, இறங்கி நிற்குமா, ஊஞ்சல் மாதிரி ஆடுமா, ஆடினால் எத்தனை நிமிடத்துக்கு ஒரு ஆட்டம்? படம் இதற்கெல்லாம் வாய் திறக்காது. சமன்பாடு எழுதி ஓட்டிப் பார்க்கவேண்டும். அதற்குக் காசு கொடுத்து வாங்கும் பெரிய மென்பொருள் ஒன்றுக்கு விலை கேட்டு எழுதினேன். பதில் வந்தது. அதை முதல்வரிடம் காட்டும் தைரியம் இன்றுவரை வரவில்லை.

அப்படித்தான், செல்லுக்குள் நடக்கும் வினைகளைச் சமன்பாடாக்கி ஓட்டிப் பார்க்கும் கோபாசி (COPASI) என்ற மென்பொருளுக்கு வந்தேன். மூன்று பருவமாகப் பயன்படுத்துகிறேன். மதிப்பெண்ணை முதலிலேயே போட்டுவிடுகிறேன்: ஐந்துக்கு நாலு. அந்த ஒன்றை எங்கே பிடித்தேன் என்பது போகப்போகத் தெரியும்.

கோபாசி இன்று நேற்று முளைத்ததல்ல. பெட்ரோ மென்டஸ் 1993இல் ஜெபாசி என்று ஒரு நிரலை வெளியிட்டார். நொதிவினைகளின் வேகத்தைக் கணக்கிடுவதற்கு எழுதியது. அதன் வாரிசுதான் கோபாசி. மென்டஸின் குழுவும் ஜெர்மனியில் ஊர்சுலா கும்மரின் குழுவும் சேர்ந்து எழுதினார்கள். 2006இல் இதைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை வந்தது. இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. என் மாணவர்களில் பாதிப் பேர் வைத்திருப்பது பிளஸ் டூவில் அரசு கொடுத்த மடிக்கணினி. சிலதில் பேட்டரி போய், சார்ஜரை உருவினால் அணைந்துவிடும். அவற்றிலும் ஓடியது. இந்த ஒரு காரணத்துக்கே எங்கள் மாதிரிக் கல்லூரிகள் இதைக் கும்பிடலாம்.

திறந்ததும் இடது பக்கம் ஒரு மரப்பட்டியல் விரிகிறது. அறைகள், பொருள்கள், வினைகள் எல்லாம் மேலே. ஓட்டவேண்டிய வேலைகள் நடுவில். படம், அறிக்கை கீழே. அழகு என்று சொல்ல மாட்டேன். பத்து பதினைந்து வருஷத்துக்கு முந்தைய வங்கிக் கவுண்டர் கணினியில் பார்த்த முகம். சின்னத் திரையில் ஜன்னலை இழுத்து இழுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் வைத்த இடத்தில் வைத்த பொருள் இருக்கிறது. ஒரு பருவம் கழித்துத் திறந்தாலும் கை தானாகப் போகிறது.

நான் முதலில் கட்டிப் பார்த்தது ரெப்ரசிலேட்டர். தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் இந்த மென்பொருளின் நல்லது கெட்டது இரண்டையும் எனக்குக் காட்டியது இந்த ஒரு சுற்றுதான்.

2000ஆம் ஆண்டு ஜனவரியில் மைக்கேல் எலோவிட்ஸும் ஸ்தனிஸ்லாஸ் லைப்லரும் நேச்சர் இதழில் எழுதியது. ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் மூன்று அடக்கி மரபணுக்களை வளையமாகப் பூட்டினார்கள். லாக்ஐ புரதம் டெட்ஆரை அடக்கும், டெட்ஆர் சிஐயை அடக்கும், சிஐ திரும்பி வந்து லாக்ஐயை அடக்கும். வகுப்பில் இதை நான் சொல்வது இப்படி: ஒரே வீட்டில் மூன்று ஓரகத்திகள். மூத்தவள் குரல் எழுந்தால் நடுவுள்ளவள் அடங்கிப்போவாள். நடுவுள்ளவள் அடங்கினால் கடைக்குட்டிக்கு வாய் நீளும். கடைக்குட்டி பேசப் பேச மூத்தவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். மூத்தவள் இல்லையென்றதும் நடுவுள்ளவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடத்துக்கு வருவாள். இப்படியே சுற்றிச் சுற்றி, அந்த வீட்டில் ஆட்சி ஒருத்தியிடம் நிலைக்காது. மாமியார் எங்கே என்று ஒரு பெண் கேட்டாள். இந்தச் சுற்றில் மாமியார் கிடையாது, அதுதான் விசேஷமே.

யார் குரல் ஓங்கியிருக்கிறது என்று வெளியிலிருந்து பார்ப்பதற்குப் பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி புரதத்தை வைத்தார்கள். செல்கள் மின்னி மின்னி அணைந்தன. ஒரு சுற்றுக்குச் சராசரியாக 160 நிமிடம், முன்னே பின்னே 40. பாக்டீரியா பிரிவதற்கு ஆவதோ 50 முதல் 70 நிமிடம். அதாவது பாட்டி தொடங்கிய ஆட்டத்தைப் பேத்திதான் முடித்துவைக்கிறாள். எல்லாச் செல்லும் ஆடவும் இல்லை, சுமார் 40 சதவீதம்தான் ஆடியது. இந்தக் கடைசி எண்ணை மனதில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

கோபாசியில் இதைக் கட்டுவது எளிது என்று நினைத்தேன். மூன்று எம்ஆர்என்ஏ (புரதம் செய்வதற்காக மரபணுவிலிருந்து எடுக்கும் படி), மூன்று புரதம், ஆறே பொருள்கள். வினையைக் கையால் தட்டலாம். இடது பக்கம் வெறுமையாக விட்டு '->' போட்டு எம்ஆர்என்ஏ பெயரை எழுதினால் 'ஒன்றுமில்லாததிலிருந்து உருவாகிறது' என்று எடுத்துக்கொள்ளும். அடக்கும் புரதம் செலவாவதில்லை, பக்கத்தில் நின்று மிரட்டுவதோடு சரி. அதை அரைப்புள்ளி போட்டுப் பின்னால் எழுதவேண்டும். தட்டி முடித்ததும் வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தானே எழுதிக்கொள்கிறது. கணிதப் பகுதியைத் திறந்தால் அவை வரிசையாக நிற்கின்றன. நான் எழுதாத சமன்பாடு என் பெயரில் நிற்பதைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட பெருமையை அப்பா இருந்து பார்த்திருக்கலாம்.

வினை வேகத்துக்கான சூத்திரம்தான் முதல் மேடு. அடக்கும் புரதம் கூடக்கூட உற்பத்தி எவ்வளவு குறையும் என்று சொல்லும் ஹில் சூத்திரத்தை நானே புதிதாக வரையறுத்தேன். சேமித்தேன். வினைக்குப் போய்ப் பார்த்தால் பட்டியலில் அது இல்லை. மறுபடி சேமித்தேன், மூடித் திறந்தேன், கணினியையே மறுதொடக்கம் செய்தேன். ஒரு மதியம் போயிற்று. தவறு என்னுடையதுதான். சூத்திரத்தில் வரும் ஒவ்வொரு மாறிக்கும் ஒரு வேடம் சொல்லவேண்டும்: செலவாகும் பொருளா, பக்கத்தில் நிற்கும் மாடிஃபையரா, வெறும் பாராமீட்டரா என்று. நான் அடக்கும் புரதத்தைச் செலவாகும் பொருள் என்று குறித்திருந்தேன். என் வினையிலோ இடது பக்கம் எதுவுமே இல்லை. பொருந்தாத சூத்திரத்தைக் கோபாசி பட்டியலில் காட்டுவதே இல்லை. நியாயம்தான். ஆனால் 'இந்தக் காரணத்தால் காட்டவில்லை' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த மதியம் எனக்கு மிஞ்சியிருக்கும். அரை மதிப்பெண்ணை இங்கே பிடித்தேன்.

எண்களை மூலக் கட்டுரையிலிருந்தே எடுத்தேன். எம்ஆர்என்ஏவின் அரை ஆயுள் 2 நிமிடம், புரதத்தினுடையது 10 நிமிடம். அடக்குமுறை இல்லாதபோது நொடிக்கு 0.5 எம்ஆர்என்ஏ படி, முழுக்க அடங்கியிருக்கும்போதும் கசிவாக அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு எம்ஆர்என்ஏ சாவதற்குள் சராசரியாக 20 புரதம். பாதி அடங்குவதற்கு 40 புரதம் போதும். அடக்குவதில் உள்ள முறுக்கைச் சொல்லும் ஹில் அடுக்கு 2. இங்கேயும் சறுக்கினேன். அரை ஆயுள் 2 நிமிடம் என்றால் சிதைவு வேகம் 0.5 என்று போட்டுவிட்டேன். கணிதத்துறை அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "அது சராசரி ஆயுளுக்குப்பா. அரை ஆயுளுன்னா 0.693ஐ ரெண்டால வகு" என்றார். 0.3466. இந்த ஒரு உதவிக்கு அவருக்கு இரண்டு நாள் மதியச் சாப்பாட்டில் என் வீட்டு மீன் குழம்பு போயிற்று.

ஓட்டினேன். படம் எதுவும் வரையறுக்கவில்லையே, பரவாயில்லையா என்று கேட்டது. முதன்முறை வருகிறவர்கள் எல்லோரும் இங்கே முட்டிக்கொள்வார்கள். எதை எதற்கு எதிராக வரைவது என்று நாம் சொன்னால்தான் படம் வரும். அதற்கென்று ஒரு உதவியாளர் பகுதி இருக்கிறது, இரண்டு சொடுக்கில் வேலை முடியும். சொன்னேன். ஓட்டினேன்.

அலை வரவில்லை. மூன்று புரதமும் ஒன்றாக ஏறி, லேசாகத் தளும்பி, 240 பக்கத்தில் போய் ஒரே கோடாக நின்றுவிட்டன. மூன்று கோடுகூட இல்லை, ஒன்றன் மேல் ஒன்று படிந்து ஒரே கோடு. ஆயிரம் நிமிடத்துக்கு ஓட்டினாலும் அதே செத்த பாம்பு.

இரண்டு நாள் எல்லா எண்ணையும் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். மென்பொருள் மேல்கூடச் சந்தேகப்பட்டேன், பாவம். மூன்றாம் நாள் சலிப்பில் 'நிலைத்த நிலை' என்ற வேலையை ஓட்டிப் பார்த்தேன். 240தான் நிலை என்று சொன்னது. கீழேயே இன்னொன்றும் சொன்னது: இந்த நிலை நிலையற்றது, இரண்டு ஐகன் மதிப்புகளின் மெய்ப்பகுதி நேர்க்குறி. அர்த்தம் புரியாமல் அக்காவிடம் ஓடினேன். அவர் சிரித்துக்கொண்டே தன் பேனாவை மேசையில் முனை கீழாக நிறுத்தப் பார்த்தார். "இது நிக்கும், யாரும் மூச்சு விடாம இருந்தா. நீ மூணு பேருக்கும் ஒரே அளவுதானே குடுத்து ஆரம்பிச்ச?"

ஆமாம். எல்லாவற்றுக்கும் சுழி போட்டுத் தொடங்கியிருந்தேன். மூன்று ஓரகத்திகளும் ஒரே நாளில் ஒரே குரலோடு வீட்டுக்கு வந்தால் யார் யாரை அடக்குவது? எல்லோரும் பாதிக் குரலில் பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரே ஒரு எம்ஆர்என்ஏவின் தொடக்க அளவைச் சுழியிலிருந்து ஒன்று ஆக்கினேன். ஒன்றே ஒன்று. கோடு கொஞ்ச நேரம் தயங்கிற்று. பிறகு மூன்றாகப் பிரிந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் கொழுத்து, கடைசியில் ஆயிரக்கணக்கில் ஏறி இறங்கும் அலையாக ஆடத் தொடங்கியது. ராத்திரி பதினொன்றரை மணி. வீட்டில் எல்லோரும் தூங்கியாயிற்று. எழுப்பிக் காட்ட ஆளில்லையே என்று இருந்தது.

உண்மையைச் சொன்னால் இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கவே வேண்டாம். பயோமாடல்ஸ் என்ற பொதுக் களஞ்சியத்தில் ரெப்ரசிலேட்டரின் மாதிரி (மாடல்) 12ஆம் எண்ணில் தயாராகக் கிடக்கிறது. எஸ்பிஎம்எல் என்ற பொது வடிவத்தில் இறக்கிக் கோபாசியில் திறந்தால் அப்படியே ஓடும். மற்ற மென்பொருளில் கட்டியதை இதில் திறக்கலாம், இதில் கட்டியதை வேறொன்றுக்கு அனுப்பலாம். இன்னொருவர் மாதிரியைச் சரிபார்க்க இதைவிட வசதி வேண்டாம். ஆனால் முதல் மாதிரியை மட்டும் கையால் கட்டுங்கள். இறக்கியிருந்தால் எனக்கு அந்தச் செத்த கோடு கிடைத்திருக்காது.

இப்போது இந்த மென்பொருளின் நிஜமான பெருமைக்கு வருகிறேன். மேலே சொன்னதெல்லாம் வழவழப்பான கணக்கு, அதாவது புரதத்தை 37.4 என்றுகூட எண்ணும் கணக்கு. செல்லுக்குள் 37.4 புரதம் கிடையாது. 37 இருக்கும், அல்லது 38. ஒரு மரபணு என்பது ஒன்றோ இரண்டோ பிரதி. எம்ஆர்என்ஏ விரல் விட்டு எண்ணும் அளவில்தான் பல நேரம். அங்கே எல்லாமே தாயம் உருட்டுகிற கதை. எந்த வினை அடுத்து, எத்தனை நொடி கழித்து என்பதைச் சரியான நிகழ்தகவோடு உருட்டிப் பார்க்கும் முறையை டேனியல் கில்லெஸ்பி 1970களில் எழுதினார். கோபாசியில் ஒரே மாதிரியை வைத்துக்கொண்டு, கீழ்விரிப் பட்டியலில் முறையை மாற்றினால் போதும். சமன்பாட்டுக் கணக்கு கில்லெஸ்பி கணக்காகிவிடும். மாதிரியைத் திருத்தி எழுதவேண்டாம், வரி வரியாக நிரல் எழுதவேண்டாம். இவ்வளவு பெரிய விஷயத்தை இவ்வளவு சின்ன இடத்தில் ஒளித்துவைத்திருக்கிறார்களே என்றுதான் எனக்கு வருத்தம்.

மாற்றினேன். ஓட மறுத்தது. துகள் எண்ணிக்கை மிகப் பெரியது என்றது. ஆறு பொருள், அதில் பெரியது சில ஆயிரம், இதில் எது பெரியது? அலகுகள் பக்கத்தைத் திறந்தேன். புது மாதிரி திறந்தால் கோபாசி வைப்பது மில்லிமோல், மில்லிலிட்டர், நொடி. உயிர்வேதியியல் சோதனைக்குழாய்க்காரர்களுக்குச் சரியான அலகு. ஒரு எம்ஆர்என்ஏ என்று நான் போட்ட 1ஐ அது 1 மில்லிமோல் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால் சுமார் 6 × 10²⁰ துகள். ஒரு பாக்டீரியாவுக்குள்! சமன்பாட்டுக் கணக்கு அதைப் பற்றிக் கவலையே படாமல் ஓடியிருக்கிறது, எண் எண்ணாக இருந்தால் அதற்குப் போதும். அளவு அலகை வெறும் எண்ணிக்கை என்றும் நேரத்தை நிமிடம் என்றும் மாற்றியதும் ஓடியது. எல்லாரிடமும் நான் சொல்வது இதுதான்: கோபாசியில் புது மாதிரி திறந்தால் முதல் வேலை அலகு, இரண்டாவது வேலை அலகு, பெயர் வைப்பதெல்லாம் பிறகு. இன்னொன்று, இரண்டு பக்கமும் ஓடும் வினைகள் இருந்தால் அவற்றை முன்னோக்கு, பின்னோக்கு என்று பிரித்தால்தான் தாயக்கணக்கு ஓடும். அதற்கும் கருவிப் பட்டியலில் ஒரு கட்டளை இருக்கிறது, நீங்கள் உட்கார்ந்து பிரிக்கவேண்டாம்.

ஓடியதும் பார்த்த முதல் அதிசயம்: எல்லாவற்றையும் சுழியில் தொடங்கினாலும் அலை வந்தது. ஒன்று கூட்ட வேண்டிய அவசியமே இல்லை. எந்த ஓரகத்திக்கு முதலில் தொண்டை திறக்கும் என்பதைத் தாயமே முடிவு செய்துவிடுகிறது. இரண்டு நாள் என்னை அழவைத்த அந்தச் சமச்சீர், ஒரே ஒரு மூலக்கூறின் தடுமாற்றத்தில் உடைந்துபோயிற்று. இரண்டாவது அதிசயம்: அலைகள் ஒன்று போல ஒன்று இல்லை. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, ஒரு சுற்று சீக்கிரம் முடிகிறது, அடுத்தது இழுக்கிறது. அந்த 160க்கு முன்னே பின்னே 40 எங்கிருந்து வந்தது, 40 சதவீதம் செல்கள்தான் ஆடின என்றால் மீதிக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வியெல்லாம் அப்போதுதான் எனக்குள் எழும்பியது.

இந்தச் சுற்றுக்கு ஒரு பின்கதை உண்டு. எலோவிட்ஸும் லைப்லரும் சமன்பாட்டை ஆராய்ந்து, புரதமும் எம்ஆர்என்ஏவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சிதைந்தால் ஆட்டம் வர வாய்ப்பு அதிகம் என்று கண்டார்கள். ஆகவே புரதங்களுக்கு வால் மாதிரி ஒரு அடையாளத்தை ஒட்டி, செல்லின் சிதைப்பு எந்திரம் அவற்றைச் சீக்கிரம் தின்னும்படி செய்தார்கள். 2016இல் ஜோஹன் பால்சனின் குழு இதே சுற்றைக் கையில் எடுத்தது. இந்த முறை இரைச்சல் (ஒழுங்கில்லாத ஏற்ற இறக்கம்) எங்கிருந்து வருகிறது என்று தேடினார்கள். சிதைப்பு வாலை வெட்டி எறிந்தார்கள், வேறு சில திருத்தமும் செய்தார்கள். புரதம் இனிச் செல் பிரியும்போது பங்கு போய்த்தான் குறையும். ஆட்டம் கெடவில்லை, இன்னும் துல்லியமாயிற்று. செல்களுக்குள் பேச்சுவார்த்தை எதுவும் இல்லாமலே குடுவை முழுக்க ஒத்து ஆடின. வழவழப்பான கணக்கு சொன்ன யோசனையைத் தாயக்கணக்கு திருத்தியிருக்கிறது. இரண்டையும் ஒரே மாதிரியில் மாற்றி மாற்றிப் பார்க்க வைப்பதால்தான் கோபாசியை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு எண்ணை மட்டும் படிப்படியாக மாற்றி ஓட்டிக் காட்டும் பாராமீட்டர் ஸ்கேன் நன்றாக இருக்கிறது. கசிவைக் கூட்டிக்கொண்டே போனால் அலை சிறுத்து அடங்குவதை ஒரே படத்தில் பார்க்கலாம். ஹில் அடுக்கை 1 ஆக்கினால் என்ன செய்தாலும் ஆடாது. மொட்டைக் கோட்டுக்கு ஒரு முறுக்கு வேண்டும் என்று பலகையில் பத்து நிமிடம் பேசுவதை இது ஒரு சொடுக்கில் சொல்கிறது. ஸ்லைடர் வைத்துக்கொண்டு கையால் இழுத்துப் பார்ப்பது மாணவர்களுக்கு விளையாட்டு. சோதனைத் தரவுக்கு மாதிரியைப் பொருத்தும் பகுதியும் உண்டு, மரபு நெறிமுறை, துகள் திரள் என்று வகை வகையான தேடல் முறைகளோடு. எங்களிடம் பொருத்துவதற்குத் தரவு கிடையாது. எனவே அதைப் பற்றி என் வாயை மூடிக்கொள்கிறேன்.

இது எல்லாவற்றுக்கும் ஆகாது. உங்களிடம் அம்பும் மொட்டைக் கோடும் மட்டும் இருக்கிறது, வேகம் எதுவும் தெரியாது, முடிச்சுகள், அதாவது மரபணுக்கள், முப்பது நாற்பது என்றால் கோபாசியில் உட்கார்ந்து எண்களைக் கற்பனை செய்யாதீர்கள். அதற்கு ஜின்சிம் மாதிரி ஏரணக் கருவிகள் இருக்கின்றன. ஒவ்வொரு மரபணுவும் விழித்திருக்கிறதா, தூங்குகிறதா, அவ்வளவே. பிரஸ்ஸல்ஸில் ரெனே தாமஸ் 1970களில் போட்ட பாதை அது. ஈஸ்ட் செல் சுழற்சியை 11 முடிச்சாகச் சுருக்கி 2004இல் வந்த ஒரு மாதிரியை நான் வகுப்பில் சொல்வதுண்டு. மொத்தம் 2,048 நிலைகள். அதில் 1,764 நிலைகள், எங்கே தொடங்கினாலும், ஊர் வாய்க்காலெல்லாம் கண்மாய்க்கு வருகிற மாதிரி ஜி1 என்ற ஒரே ஓய்வு நிலையில் வந்து விழும். வேகம் தெரியாமலே இவ்வளவு சொல்ல முடிகிறது. என் பிள்ளைகளுக்கு முதலில் அதைக் காட்டிவிட்டுத்தான் கோபாசிக்குக் கூட்டிவருகிறேன்.

மீதி அரை மதிப்பெண் படத்துக்குக் குறைத்தேன். ஆய்வேட்டில் ஒட்டும் தரத்தில் படம் வேண்டுமானால் எண்களை வெளியே எடுத்து வேறெதிலாவது வரையத்தான் வேண்டியிருக்கிறது. பைத்தான் தெரிந்தவர்கள் பேசிகோ என்ற தொகுப்பின் வழியாகக் கோபாசியை நிரலிலிருந்தே ஓட்டலாம். எனக்கு இன்னும் அந்தக் கதவு திறக்கவில்லை. வயசு இருக்கிறது.

போன பருவம் செய்முறைத் தேர்வுக்கு ரெப்ரசிலேட்டரைத் தாயக்கணக்கில் ஓட்டி, படத்தை ரெக்கார்டு நோட்டில் ஒட்டச் சொன்னேன். முதல் அரை மணி நேரம் ஒரே கூச்சல். "மேம், அவளுக்கு வேற மாதிரி வருது, எனக்குத் தப்பா வருது." யாருக்கும் தப்பில்லை, ஒவ்வொரு தடவையும் வேறாகத்தான் வரும் என்று சொல்லி அடக்கினேன். திருத்த உட்கார்ந்தபோது பின் பெஞ்சுப் பையன்கள் இரண்டு பேர் நோட்டில் அச்சு அசலாக ஒரே படம். எந்த மேடும் பள்ளமும் மாறவில்லை. இத்தனை வருஷமாக ரெக்கார்டு திருத்துகிறேன், காப்பியடித்ததற்கு இவ்வளவு சுத்தமான சாட்சி கிடைத்ததில்லை.

கூப்பிட்டுக் கேட்டேன். ஒருவன் தலை குனிந்தான். மற்றவன் குனியவில்லை. "மேம், ரேண்டம் சீடுன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. அத டிக் பண்ணி, ரெண்டு பேரும் ஒரே நம்பர் குடுத்தா ஒரே படம்தான் மேம் வரும்."

உண்மைதான். அப்படி ஒரு வசதி இருக்கிறது, நான் வகுப்பில் சொல்லவே இல்லை. அவர்களுடைய கோப்பை வாங்கித் திறந்து பார்த்தேன். அந்தக் கட்டத்தில் டிக் இல்லை. அவன் கூரையைப் பார்த்தான்.

படத்துக்குச் சுழி போட்டேன். ஹெல்ப் பக்கத்தைப் படித்ததற்கு இரண்டு மார்க் போட்டேன்.